கால் படாத இடம்

கொஞ்சம் தள்ளி உக்காருதீங்களா? கோவிச்சுக்கிடாதீங்க. உங்க பை பெரிசா இருக்கு, பஸ் ஒரு குலுக்கு குலுக்குனா நேரா மொட்டுல வந்து இடிக்கும். மொட்டு தெரியுதா? இந்தா, இந்த எலைக்கு அடியில. பட்டாணி போல இருக்கு பாருங்க. அது ஒண்ணுதான் இருக்கு. அது ஒண்ணுக்காகத்தான் இந்த வெயில்ல தொட்டிய மடியில தூக்கி வச்சுக்கிட்டுப் போறேன். கண்டக்டர் தம்பி கீழ வைங்கம்மான்னு சொல்லிட்டுப் போறாரு. கீழ வச்சா ஆளுக்கு ஒரு மிதி மிதிப்பாங்க. அவருக்கு என்ன, டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தா வேலை முடிஞ்சுது.

பன்னீர் ரோஜா. நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு மூணு நாளா எலை ஓரமெல்லாம் தீஞ்ச மாதிரி ஆயிருச்சு. அதான் நர்சரிக்குத் தூக்கிட்டு வந்தேன். அந்தம்மா வேரோட தூக்கி, பழைய மண்ண உதறி, வேர நல்ல தண்ணில அலசி, புது மண்ணு போட்டு வச்சுக் குடுத்துச்சு. ஆஸ்பத்திரில ஆபரேஷன் முடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரிதான் போறேன். நாளைக்குக் காலையில இது மொட்டோட நிக்கணும். பூக்கக்கூட வேண்டாம். மொட்டு மொட்டா நின்னாப் போதும். கருகுச்சுன்னா நான் பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

என்ன சிரிக்கீங்க? நெசமாத்தான் சொல்லுதேன். என் பொழப்பு முழுசும் இந்த மொட்டுலதான் தொங்குது பாத்துக்கிடுங்க.

என் பேரு உலகம்மாள். தென்காசிப் பக்கம். இங்க தங்கச்சி வீட்ல இருக்கேன். கோமதின்னு பேரு, பேங்க்ல வேலை. எனக்கும் அவளுக்கும் பத்து வயசு வித்தியாசம், நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். எனக்குப் பிள்ளை இல்ல. இல்லன்னதும் அவரு வேற கட்டிக்கிட்டாரு. அதச் சொல்ல ஆரம்பிச்சா இந்த பஸ் செங்கல்பட்டு தாண்டிப் போகணும், விடுங்க. அப்புறம் அண்ணன் வீட்ல இருந்தேன். மதினி நல்லவதான். என்னைய ஒரு சொல்லு சொல்ல மாட்டா. என் தட்டையும் டம்ளரையும் மட்டும் தனியா ஒரு மூலையில கவுத்தி வச்சிருப்பா, அவ்வளவுதான். மாசமா இருந்த அவ மகளுக்குப் பூச்சூட்டுன அன்னைக்கு என்னையக் கோயிலுக்குப் போய் எண்ணெய் ஊத்திட்டு வாங்கன்னு அனுப்பிட்டா. நானும் போய் ஊத்திட்டு உக்காந்திருந்தேன். கோயில் நடை சாத்துற வரைக்கும் உக்காந்திருந்தேன். யாரும் கூப்பிட வரல.

கோமதிக்கும் ரொம்ப வருஷம் பிள்ளை இல்ல. எங்க வீட்டு வாகு போலன்னு நெனச்சுக்கிட்டோம். ஆனா அவ புருஷன் தங்கமான மனுசன், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூட்டிட்டு அலைஞ்சாரு. ஒவ்வொரு தடவை இல்லைன்னு ஆகும்போதும் இவ என்ன செய்வா, வாற வழில நர்சரில எறங்கி ஒரு செடி வாங்கிருவா. அழ மாட்டா. செடி வாங்குவா. காகிதப்பூ ரெண்டு கலர்ல. இட்லிப்பூ. அடுக்கு செம்பருத்தி. தொங்குற சட்டில டேபிள் ரோஸ், காலையில பத்து மணிக்கு ஸ்கூல் மணி அடிச்ச மாதிரி எல்லாம் ஒண்ணா விரியும். பால்கனிச் சுவரு ஓரமா சிமெண்ட்ல நீளமா ஒரு பாத்தி கட்டி, அதுல சாமந்தி, ஜினியா. நாலாவது மாடில அப்பிடி ஒரு தோட்டம். ஒண்ணுலயாவது திங்கதுக்கு ஒரு காய் உண்டான்னு கேளுங்க. கிடையாது. எல்லாம் பூ. அதையும் தலைல வைக்க விட மாட்டா. நான் வந்த புதுசுல தெரியாம ஒரு செம்பருத்தியப் பறிச்சு சாமி படத்துக்கு வச்சுட்டேன். அன்னைக்குப் பூரா எங்கிட்டப் பேசல.

பால்கனி நிறைஞ்சு, இனிமே ஒரு சட்டி வைக்க இடமில்லன்னு ஆன பெறகுதான் பாப்பா உண்டாச்சு. அதனால அவளுக்கு அது வெறும் செடி இல்ல. எனக்குப் புரியும். பெத்தவளுக்குப் புரியாததுகூட எனக்குப் புரியும்.

எங்க அம்மா இல்ல. பேறுகாலத்துக்கு நீ வாக்கான்னு கூப்பிட்டா. அந்தப் போன வச்ச பெறகு நான் அழுத அழுகை இருக்கே, மதினி வந்து யாரு செத்துட்டாங்கன்னு கேட்டா.

பாப்பா வந்துச்சு. பொம்பளப் பிள்ளை. அத எப்பிடிச் சொல்ல? கண்ணு இப்பிடி இருக்கும். ஒரு ஆளு பாத்தா விட மாட்டாங்க, தூக்குவாங்க, கொஞ்சுவாங்க. அங்கதான் வினை. எதிர் வீட்ல ரமான்னு ஒருத்தி இருக்கா. தெனமும் ஏதாவது சாக்கு வச்சுக்கிட்டு வந்துருவா. சக்கரை இருக்கா, ஸ்க்ரூட்ரைவர் இருக்கா. வந்தா பாப்பாவ ஒரு பார்வை, பால்கனிய ஒரு பார்வை. “உங்க வீட்டுல மட்டும் எப்படிங்க எல்லாம் இப்படி பூக்குது”ன்னு கேப்பா. அவ கேட்டுட்டுப் போன சாயந்தரம் பாப்பா வீல்வீல்னு கத்தும். நான் என்ன கண்ண மூடிக்கிட்டா இருப்பேன்? சுத்திப் போட ஆரம்பிச்சேன்.

எங்க ஊருல மிளகா வத்தலு, கடுகு, முச்சந்தி மண்ணு எல்லாம் சேத்து அடுப்புல போடுவோம். இங்க அது முடியல. முத நாள் வத்தல் போட்டதுல நாலாவது மாடி முழுக்க இருமல். அசோசியேஷன் செக்ரட்டரி மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நின்னாரு, எங்கயோ தீப்பிடிச்சிருக்குன்னுட்டு. மாப்பிள்ளைக்கு மானம் போச்சு. அதனால வெறும் கல் உப்பு. ஒரு கை அள்ளி, பாப்பாவ அவ அம்மா மடில வச்சு, எடத்துல மூணு சுத்து, வலத்துல மூணு சுத்து, கொண்டு போயி ஒரு செம்புத் தண்ணில போட்டுரணும். உப்பு கரைஞ்ச மாதிரி கண்ணு கரைஞ்சிரும். கரைஞ்ச தண்ணிய கால் படாத இடத்துல ஊத்திரணும். உங்க வீட்ல எங்க ஊத்துவீங்க? தனி வீடா? குடுத்து வச்சவங்க.

எங்களுக்கு எங்க இருக்கு கால் படாத இடம்? பாத்ரூம்ல ஊத்தலாமா? எல்லாரும் நின்னு குளிக்கிற இடம். எச்சிப் பாத்திரம் கழுவுற தொட்டில ஊத்த முடியுமா? பிள்ளைக்குப் பால் புகட்டுற பாலாடையக் கழுவுறதும் அங்கதான். ஒரு நாள் பால்கனில இருந்து கீழ ஊத்திட்டேன். கீழ ஒருத்தரு புது கார தொடச்சுக்கிட்டு நின்னுருக்காரு. அதுக்கு ஒரு பஞ்சாயத்து. சரி, கீழ எறங்கிப் போய் புல்லுல ஊத்துவோம்னு போனா, அங்க பூரா பிள்ளைங்க செருப்பில்லாம ஓடியாடுதுங்க. யாரு பெத்த பிள்ளையோ மிதிச்சுதுன்னா? நம்ம பிள்ளைக்குக் கழிச்சத இன்னொரு பிள்ளை காலுல ஏத்தலாமா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். செம்பத் தூக்கிக்கிட்டு மேல ஏறி வந்துட்டேன்.

அந்த வீட்டுல யாரு காலும் படாத இடம் பூச்சட்டிதான். வேற இல்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், சிரிக்காதீங்க. சுத்திப் போடுதேம்லா, அப்ப பாப்பா என் கையையே பாக்கும். கை இப்பிடிப் போனா கண்ணு இப்பிடிப் போகும். கை மேல போனா கண்ணு மேல. அப்புறம் என் மூஞ்சியப் பாத்து ஒரு சிரிப்பு. பல்லில்லாத வாயில. முதல்ல செவ்வாய், ஞாயிறு மட்டும்தான் போட்டேன். அப்புறம் வெள்ளிக்கிழமையும் சேத்துக்கிட்டேன். அப்புறம் தெனமும். மூணு சுத்துங்கறது ஏழாச்சு, ஒம்பதாச்சு. உப்பு ரெண்டு கை. கோமதி, “போதும்க்கா, தலை சுத்துது”ம்பா. நான் “சும்மா இருட்டி, கண்ணுங்கறது லேசுப்பட்டதா?”ம்பேன். கண்ணுக்காகத்தான் செஞ்சேன். கெடக்கட்டும், அந்தச் சிரிப்புக்காகவும்தான்.

அப்பதான் செடி போக ஆரம்பிச்சுது.

முதல்ல பாத்தில இருந்த சாமந்தி. எலை நுனியில பழுப்பு. அப்புறம் ஓரமெல்லாம் காஞ்சு சுருண்டு போச்சு. தண்ணி பத்தலையோன்னு காலையிலயும் ஊத்துனேன். கோமதி பாப்பாவோட இருக்கா, செடியெல்லாம் என் பொறுப்பு. “அக்கா, பாத்துக்கோ”ன்னு சாவியக் குடுக்குற மாதிரி குடுத்துருக்கா. ஜினியா போச்சு. டேபிள் ரோஸ் காலையில விரியாமலே கெடந்துச்சு. இட்லிப்பூ கொத்தோட கறுத்துப் போச்சு. சட்டி ஓரத்துல, மண்ணு மேல, வெள்ளையா பொரிஞ்சு கெடக்கு. தொட்டா பொரபொரன்னு வருது. யாரோ வந்து என்னமோ தூவிட்டுப் போயிருக்காங்க! ரமாதான். வேற யாரு வருவா? அன்னைக்கு ராவே செடிக்கும் சேத்துச் சுத்திப் போட்டேன். சட்டி சட்டியா. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா உப்பு கரைச்சு அதது தலையிலயே ஊத்துனேன். சாமி கும்பிட்டு ஊத்துனேன். செம்பருத்தியும் காகிதப்பூவும் தவிர எல்லாம் ரெண்டே நாளுல படுத்துருச்சு.

ஐயோ, பிரேக் போடுதான் பாருங்க. பிடிங்க, பிடிங்க... ஒண்ணும் ஆகல. மொட்டு இருக்கு.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங். ஆனா ஒண்ணு கவனிச்சேன். இத யாருக்கிட்டயும் சொன்னதில்ல. பாப்பாவுக்கு ஊசி போட்டு நல்ல காய்ச்சல். கோமதி பயந்துட்டா. நான் சுத்திப் போட்டு செம்பருத்தில ஊத்துனேன். காலையில பாத்தா பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு, கையக் கால ஆட்டிக்கிட்டு விளையாடுது. பால்கனில போய்ப் பாக்கேன், செம்பருத்தி தலை தொங்கிக் கெடக்கு. நீங்களே சொல்லுங்க, என்ன அர்த்தம்? பிள்ளைக்கு வந்தத அது வாங்கிக்கிட்டுது. அதுக்கப்புறம் பாத்தா எல்லாம் அப்பிடித்தான். பாப்பாவுக்கு வயித்தால போச்சு, சரியாச்சு, காகிதப்பூ கொட்டிருச்சு. காகிதப்பூ சாகுற செடியா? ரோட்டோரத்துல தண்ணியில்லாம நிக்கும். அதுவே போச்சுன்னா எம்மாம் பெரிய கண்ணா இருக்கணும்! அத்தனையும் பாப்பா மேல விழுந்திருந்தா? நான் அந்தக் காஞ்ச செடியக் கும்பிட்டேன். சத்தியமா கும்பிட்டேன்.

போன மாசம் கோமதி மாமியா வந்தா. திருச்சில இருக்கா, வந்து போயி இருப்பா. பால்கனில நின்னு அந்தக் காஞ்ச குச்சியெல்லாம் பாத்தா. பாத்துட்டு ஹாலுக்கு வந்து உக்காந்து, மெல்ல, காப்பிய ஆத்திக்கிட்டே, “செடின்னா ஒரு கை ராசி வேணும். எல்லாருக்கும் அமையாது”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அப்ப பாப்பா என் மடில இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, “குழந்தைய இங்க குடும்மா, உனக்கு வேலை இருக்கும்”னு கைய நீட்டுனா.

நான் கோமதியப் பாத்தேன். அவ வாயத் தொறப்பான்னு பாத்தேன். நான் தூக்கி வளத்த பிள்ளை. அவ டிவியப் பாத்துக்கிட்டு இருந்தா. டிவில என்ன ஓடுச்சு தெரியுமா? விளம்பரம்.

அதுல இருந்து பாப்பாவ நான் தூக்குனா யாராவது வந்து வாங்கிக்கிடுதாங்க. ஒரு வார்த்தை தப்பா வராது. “நீ சாப்பிடுக்கா”ன்னு வாங்குவா. “உனக்கு முதுகு வலிக்கும்க்கா”ன்னு வாங்குவா. குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன், அதுக்கு ஒரு ஆயாவப் போட்டாச்சு. “அக்காவ ரொம்ப வேலை வாங்குறோம்”னு மாப்பிள்ளை சொன்னாரு. எம்மேல அவ்வளவு பிரியம் எல்லாருக்கும். எனக்குன்னு இப்ப இருக்கது சமையலும், அந்த சாயந்தர நேரமும்தான். சுத்திப் போடுறதுக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல. போட்டா பாப்பா நல்லாத் தூங்குதுல்லா.

காஞ்ச செடி வீட்ல நிக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை எல்லாச் சட்டியையும் வாட்ச்மேனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. பாத்தி மேல பலகையப் போட்டு செருப்பு ஸ்டாண்டு வச்சாச்சு. கோமதி அன்னைக்கு பால்கனிப் பக்கமே வரல. உள்ள உக்காந்து பாப்பாவுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. அப்பயும் அழல. அவ அழுதிருந்தா நான் காலுல விழுந்திருப்பேன்.

இப்ப கோமதிக்கு லீவு முடியப் போகுது. பாப்பாவ யாரு பாக்கறதுன்னு பேச்சு. மாப்பிள்ளை, “அக்காதான் இருக்காங்களே”ன்னாரு. மாமியா போன்ல, காசு போனாப் போகுது, பிள்ளைங்கள விடுற இடத்துல விடுங்கன்னுருக்கா. பிள்ளைங்கள விடுற இடம்! வரிசையாத் தொட்டில் போட்டு வச்சிருப்பாங்களாம். கோமதி ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கா. ஒரு நாள் ஆபீஸ்ல ஏதோ பேப்பர் குடுக்கப் போனவ, வரும்போது இந்த ரோஜாவ வாங்கிட்டு வந்தா. எங்கையில குடுத்தா. “எக்கா, இந்த ஒண்ண மட்டும் பொழைக்க வை. அத்தை வரும்போது இது பூத்து நிக்கணும். அப்புறம் அவங்க வாயே தொறக்க முடியாது. நான் பேசிக்கிடுதேன்”ன்னா. கண்ணு கலங்கியிருந்துச்சு. பாத்தீங்களா, என் தங்கச்சி! எனக்காகத்தான் வாங்கிட்டு வந்திருக்கா. என் பக்கம்தான் நிக்கா. மாமியா நாளைக்கு வாறா.

நானும் இந்த ரோஜாவ கண்ணுக்குள்ள வச்சுத்தான் பாத்தேன். காலையில வெயிலு காட்டி, மத்தியானம் நிழலுக்கு இழுத்து, எலைய ஈரத் துணியால தொடச்சு. டீத்தூளு, முட்டை ஓடு எல்லாம் போட்டேன். சாயந்தரத் தண்ணிய மட்டும், வேற எங்க ஊத்த, இதுலதான் ஊத்துனேன். கொஞ்சமா. ஓரமா. செடி மேல படாம.

சொன்னேம்லா, எலை தீஞ்சு போச்சுன்னு. அதான் இன்னைக்குத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேன். அந்த நர்சரிக்காரம்மா மண்ணப் பாத்தா. அந்த வெள்ளைய விரலால சுரண்டிப் பாத்தா. “என்னம்மா, உப்புத் தண்ணி ஊத்துறியா?”ன்னா. எனக்கு வந்துச்சு கோவம். “நாங்க குடிக்கிற தண்ணியத்தான் ஊத்துதோம், உங்க ஊரு போர் தண்ணியெல்லாம் ஊத்தல”ன்னேன். “வேற எதுனா ஊத்துறியா?” “வேற என்னத்த ஊத்த? பிள்ளைக்குச் சுத்திப் போட்டது ஒரு செம்பு ஊத்துவேன். அது கணக்கா?” அவ அப்பிடியே நிமிந்து பாத்தா. “உப்பா?” “உப்புதான்.” “டெய்லியா?” “டெய்லிதான்.” தலையில அடிச்சுக்கிட்டா. “பூச்செடிய கருவாடு போட்டு வச்சிருக்கியேம்மா! இன்னொரு தபா ஊத்துன, இது அவ்ளோதான். எங்கிட்ட தூக்கினு வராத”ன்னா. பக்கத்துல செடி வாங்க வந்தவங்கல்லாம் சிரிக்காங்க.

சிரிக்கட்டும். அவளுக்கு மண்ணத் தெரியும், கண்ணப் பத்தி என்ன தெரியும்? ஒரு கை உப்புக்கா அம்புட்டுச் செடி சாகும்? சரி, உப்புன்னே வச்சுக்கிடுவோம். உப்புதான். அப்ப நான் எங்க கொண்டு ஊத்த? சொல்லுங்க. நீங்க படிச்சவங்களா இருக்கீங்க, சொல்லுங்க.

வெறும் மண்ண ஒரு தொட்டில போட்டு அதுல ஊத்தலாமேங்கீங்களா? அதையும் யோசிச்சேன். உயிரு இல்லாத மண்ணு எப்பிடிம்மா வாங்கும்? ஒரு உயிருக்கு வந்தத இன்னொரு உயிருதான் வாங்க முடியும். செம்பருத்தி வாங்குச்சே, பாத்தேம்லா.

கோமதிக்கிட்ட சொல்லிரவா? என்னன்னு சொல்ல? இத்தன வருஷம் நீ வளத்தத நான்தான் உப்பு ஊத்திக் கொன்னேன்னு சொல்லவா? சொன்னா அவ மன்னிச்சிருவா. அவ மனசு எனக்குத் தெரியும். ஆனா இனிமே சுத்திப் போடவே வேண்டாம்க்கான்னுருவா. அப்புறம் பாப்பா எதுக்கு என் மூஞ்சியப் பாக்கும்? சோறு வடிக்கிற கையப் பாத்து எந்தப் பிள்ளையாவது சிரிக்குமா?

அதனால வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கிட்டே வாறேன். இன்னைக்கு ஒரு நாள். இந்த ஒரு நாள் மட்டும் சுத்திப் போடாம இருந்துருவோம். தலை வலிக்குன்னு படுத்துக்கிடுவோம். நாளைக்கு மாமியா வந்து மொட்டப் பாத்துட்டாப் போதும். கோமதி பேசிருவா. பாப்பா எங்கிட்ட இருந்துரும். காலையில அவங்க வேலைக்குப் போனா சாயந்தரம் வார வரைக்கும் நானும் பாப்பாவும்தான். கேக்கவே ஒரு மாதிரி இருக்குல்லா? நடக்கும். ஒரு நாள்தானே, ஒண்ணும் ஆகிறாது. கடவுள் ஒரு நாள் பாத்துக்கிட மாட்டாரா?

போன் அடிக்கு. இருங்க, இந்தத் தொட்டியக் கொஞ்சம் பிடிங்க. தண்டுல கை வைக்காதீங்க, அடியில பிடிங்க.

கோமதி, சொல்லுட்டி... பஸ்ஸுலதான்... ஏன், என்ன செய்யுது?... எப்ப இருந்து?... பால் குடிச்சுதா?... யாரு வந்தா? அவளா? அவளை ஏன் உள்ள விட்ட?... சரி, சரி, நீ அழாத. ஏட்டி, நீ எதுக்கு அழுத? பிள்ளைய மடில போட்டுக்கிட்டு நீ அழக் கூடாது... கேக்கு, கேக்கு, இங்க வரைக்கும் கேக்கு... ஆமா, வந்துருவேன்... ரோஜாவா? அது நல்லா இருக்கு. மொட்டு நிக்கு... சரி, நாளைக்குக் காட்டிக்கிடுவோம்... நீ தொடாத, நான் வந்து போடுதேன். உப்பு அலமாரில கீழ் தட்டுல இருக்கு, எடுத்து மட்டும் வை. வச்சிருதேன்.

கேட்டீங்களா?

அந்தச் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? மத்தியானத்துல இருந்து இப்பிடிக் கத்துதாம். ரமா வந்து ஒரு மணி நேரம் மடில வச்சிருந்துட்டுப் போயிருக்கா. கோமதி அழுதா. செடியெல்லாம் போனப்ப அழாதவ அழுதா. என்ன சொல்லுதா தெரியுமா? “எக்கா, சீக்கிரம் வா. நீ வந்தாத்தான் அடங்குவா”ங்கா. அவளே சொல்லுதா. நீ வந்தாத்தான். நான் கேக்காம, அவ வாயால. இத அந்த மாமியா கேட்டிருக்கணும்.

குடுங்க தொட்டிய.

ஒரே நாளுன்னு சொன்னேம்லா. அந்த ஒரே நாளு இப்பிடி வந்து நிக்கு பாருங்க. வந்து சுத்திப் போடுக்கான்னு அவ கூப்பிடும்போது தலை வலிக்குன்னு நான் எப்பிடிப் படுக்க? போட்டா ஊத்தணும். வீட்டுல இருக்கது இது ஒண்ணுதான். ஊத்துனா நாளைக்குக் காலையில மாமியா வரும்போது இது தலை தொங்கிக் கெடக்கும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. காப்பிய ஆத்திக்கிட்டே கோமதி பக்கம் திரும்புவா. கோமதி டிவி பக்கம் திரும்பிக்கிடுவா. மாப்பிள்ளை எனக்கு டிக்கெட் போட்டுருவாரு, ஜன்னல் ஓர சீட்டாப் பாத்துப் போடுவாரு, நல்ல மனுசன். எல்லாம் எனக்குத் தெரியும். முட்டாள் இல்ல நான்.

ஆனா பாப்பாவுக்கு இன்னைக்கு ராத்திரி சரியாயிரும். அதுவும் எனக்குத் தெரியும்.

எங்க ஸ்டாப்பு வந்துருச்சு. காலை மடக்குங்கம்மா, கொஞ்சம் வழி விடுங்க. ஏய் தம்பி, எறங்க ஆளு இருக்கு, விசில் அடிச்சிராத. பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு.